பெயர் ஒட்டிய கிண்ணம்

கேட்டின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. மைனி, அண்ணன் மனைவி, போய்விட்டாள். ஒரு கையில் பைபிளும் மறு கையில் குடையுமாக இந்நேரம் தெருமுனை திரும்பியிருப்பாள். சர்ச்சில் பெண்கள் சங்கக் கூட்டம் பத்து மணிக்கு. ஜெபம், பாட்டு, டீயும் வடையும், அதற்குப் பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டே பேசும் பேச்சு, எல்லாம் முடிந்து அவள் திரும்பப் பன்னிரண்டரை ஆகும். இரண்டரை மணி நேரம். லில்லி புஷ்பம் புழக்கடைப் பக்கத்து அடுக்களை வாசலில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே பத்து, அங்கே எட்டரை. ஊர் திரும்பி ஏழு மாதமாகியும், அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்காமல் அவளால் எந்தக் கடிகாரத்தையும் பார்க்க முடியவில்லை. அங்கே எட்டரை என்றால் டயாலிசிஸ் வார்டில் முதல் வரிசை நோயாளிகளுக்கு ஊசி ஏற்றி முடிந்திருக்கும், இயந்திரங்கள் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருக்கும், ஜன்னலுக்கு வெளியே மஸ்கட் வெயில் கண்ணாடியில் நகத்தை வைத்துக் காத்திருக்கும். போதும். இங்கே பத்து. இங்கே பத்துதான். பன்னிரண்டு மணிக்கு அந்த வார்டு நோயாளி ஒருத்தியின் மகள் சுஆத் மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவாள், தன் கிழத் தாயைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷத்துக்கு வருகிறாயா இல்லையா என்று இன்றைக்கு முடிவாகச் சொல்லச் சொல்வாள். வரவில்லை என்று சொல்வதாகக் காலையில் பல் தேய்க்கும்போதே புஷ்பம் தீர்மானித்துவிட்டாள். வாயில் நுரையோடு செய்த தீர்மானம். ஆனால் அதற்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும். போகமாட்டேன் என்று சொல்கிறவள் எங்கே இருக்கப்போகிறாள் என்று தனக்கே காட்ட வேண்டும். கூடத்துச் சோபாவில் என்றால் அது இருப்பது ஆகாது, காத்திருப்பதுதான் ஆகும். அதனால் இன்றைக்கு மீன்கறி. இந்த அடுக்களையில், இந்தக் கையால், மைனி வருவதற்குள். அவள் சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

செருகிய பிறகும் உள்ளே போகவில்லை. வாசல்படி தடுத்தது. படி என்னவோ இரண்டு அங்குலம்தான், அவள் அனுப்பிய பணத்தில் போட்ட கருங்கல்தான். ஆனாலும் ஏழு மாதத்தில் இதைத் தாண்டப் போனபோதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு குரல், "நீ இரி பிள்ளே, நான் எடுத்துட்டு வாறேன்." கோபமாகச் சொன்னால் பதில் சொல்லலாம். மைனி பிரியமாகச் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா, நீ இரி. தட்டைக் கழுவட்டுமா, நீ இரி. ஞானதீபம் மைனி இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது புஷ்பம் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். புஷ்பம் கல்யாணம் முடிக்காமலே மஸ்கட்டுக்குப் போய் இருபத்தாறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு. முப்பது நாளைக்கு வருகிறவளை எப்படி வைத்துக்கொள்வது என்று இந்த வீட்டுக்கு நன்றாகத் தெரியும். முன்னறைக் கட்டில், வெளுத்த போர்வை, ஷோகேஸிலிருந்து இறங்கும் ரோஜாப்பூப் போட்ட பீங்கான் தட்டு. அண்ணனும் மைனியும் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுவார்கள், பூத்தட்டு அவளுக்கு மட்டும். லீவு முடிந்ததும் தட்டைக் கழுவித் துடைத்து மறுபடியும் ஷோகேஸில் வைத்துவிடுவார்கள். இந்த முறை முப்பது நாள் முடிந்தது, அறுபது முடிந்தது, ஏழு மாதமும் ஆயிற்று, தட்டு மட்டும் ஒவ்வொரு வேளையும் ஷோகேஸிலிருந்து வந்து ஷோகேஸுக்கே போகிறது. அவளுடைய பெட்டியும் அப்படித்தான், பீரோவின் மேலே நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் மைனி அதைச் சனிக்கிழமைதோறும் துடைக்கிறாள். எதற்குத் துடைக்கிறாள்? தூசி பிடித்தால் என்ன? பயணம் போகிற பெட்டியைத்தானே துடைப்பார்கள். இந்தக் கேள்வி எத்தனையோ தடவை வந்துவிட்டது, வந்து அதே இடத்தில் தட்டி நிற்கிறது. தீபம் மைனிக்கு நான் போனால் போதுமா? இல்லை போய்விடுவேன் என்று பயமா? இரண்டுக்கும் பெட்டியைத் துடைக்கத்தானே வேண்டும்.

"மீனு... சாளையிருக்கு, சாளே..."

குரல் தெருவில் வளைந்து வந்ததும் புஷ்பத்தின் கால் தானாகப் புழக்கடை வழியே கேட்டுக்குப் போயிற்று. சூசையம்மா தலைச்சுமையை இறக்கி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வட்டாப் பாத்திரத்தில் சாளைகள் நீலமும் வெள்ளியுமாக நெளிந்து கிடந்தன, இன்னும் கடலை மறக்காத கண்களோடு. "சிஸ்டரா? தீபம்மா இல்லியா? நல்ல மீன்ல்லா கொண்டாந்திருக்கேன்." மைனி சர்ச்சுக்குப் போயிருக்கிறாள், நான் வாங்குகிறேன் என்றாள் புஷ்பம். சூசையம்மாவின் புருவம் மேலே போயிற்று. "நீங்களா? சரி, அப்ப நான் வெட்டிக் கழுவித் தந்துட்டுப் போறேன்." வேண்டாம், நானே வெட்டிக்கொள்வேன். "ஊசி போடுத கையில அரிவாமணை நிக்குமா சிஸ்டரே? வெரலையும் சேத்து வெட்டிப்போட்டு நீங்களே கட்டுப் போட்டுக்கிடுவீங்களோ?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கடுப்பு இல்லை, காலையிலிருந்து நடந்த களைப்புத்தான் இருந்தது. அள்ளிப் போட்டாள், கையால் நிறுத்து இன்னும் நாலைக் கூடப் போட்டாள். பிறகு கேட்டாள், எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள். "அப்ப எப்ப பயணம்?" பால்காரர் கேட்டார், எதிர்வீட்டு டீச்சர் கேட்டாள், சபை மூப்பர் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறந்ததும் கேட்டார். லீவுக்கு வந்த காலத்தில் பழகிய கேள்வி, மழை உண்டா என்பது மாதிரி. ஏழு மாதமாக அவள் சிரித்து வைத்தாள், பார்ப்போம் என்றாள், போக வேண்டும் என்றுகூட ஒரு தடவை வாய் தவறியது. இன்றைக்கு, "இனி பயணம் இல்ல சூசையம்மா," என்றாள். முதல்முதலாக மீன்காரியிடமா சொல்ல வேண்டும் என்றிருந்தது. "ஆங், சும்மா சொல்லுதிய," என்று சுமையைத் தூக்கினாள் சூசையம்மா. "போனவங்க கால் போயிட்டேதான் இருக்கும்."

கிணற்றடியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். முட்டி வலித்தது. முதல் சாளையின் செதிளை எடுக்கையில் விரல் வழுக்கியது, இரண்டாவதில் வழுக்கவில்லை, மூன்றாவதில் கை எங்கோ கிடந்த தன் வித்தையைக் கண்டெடுத்துக்கொண்டது. தலை, செட்டை, வயிற்றைக் கீறிக் குடல். போனவர்கள் கால் போய்க்கொண்டே இருக்குமா? இருக்கட்டுமே, கை இங்கே இருக்கிறதே. தலைகளைப் போட ஒரு பாத்திரம் வேண்டும். எழுந்து உள்ளே போனாள். கருங்கல் படியைத் தாண்டிய பிறகுதான் தாண்டியது தெரிந்தது. பாத்திர அலமாரியில் எது எதற்கு என்று தெரியவில்லை. இது பாலுக்கோ, இது மோருக்கோ, எதை எடுத்தாலும் மைனியின் ஏதோ ஓர் ஒழுங்கு கலையும். இந்த வீட்டில் ஐயமில்லாமல் அவளுடையது என்று இருப்பது ஒன்றுதான். கூடத்துக்குப் போய் ஷோகேஸைத் திறந்து ரோஜாப்பூத் தட்டை எடுத்து வந்தாள். கிணற்றடியில் வைத்து அதில் மீன் தலைகளைப் போட ஆரம்பித்தாள். முதல் தலை விழுந்தபோது டக்கென்று பீங்கான் சத்தம். அதோடு ஒரு சின்னக் குற்ற உணர்வும் அதைவிடச் சின்ன சந்தோஷமும் சேர்ந்து விழுந்தன. எல்லாம் அந்தக் கிண்ணத்தில் தொடங்கியது. நெத்திலிக் கறி வைத்த கிண்ணம். வந்த மூன்றாவது வாரம், மத்தியானத்தில் மீந்த கறியைக் கிண்ணத்தில் எடுத்து, கைப்பையிலிருந்து வெள்ளை பிளாஸ்டரைக் கிழித்து, பேனாவால் லில்லி என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தேதியும் போட்டு, கிண்ணத்தில் ஒட்டிக் கூடத்து ஃபிரிஜ்ஜில் வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. குவார்ட்டர்ஸில் ஆறு நர்சுகளுக்கு ஒரு ஃபிரிஜ், இருபத்தாறு வருஷம். பால் பாக்கெட்டில் பெயர், முட்டையில் பெயர், அரை எலுமிச்சம்பழத்தில் பெயர். ஒட்டாவிட்டால் சண்டை, ஒட்டினால் சமாதானம். அங்கே அது மரியாதை. மறுநாள் காலையில் அந்தக் கிண்ணம் மட்டும் சாப்பாட்டு மேசையின் நடுவில் தனியாக இருந்தது, பிளாஸ்டர் வெளியே தெரியும்படி. மைனி சொன்னாள், "அது ஒனக்க சாதனம்லா, பேரு எழுதியிருக்கே. நாங்க தொடல." அதற்குப் பிறகு ஒரு வாரம் ஃபிரிஜ்ஜைத் திறக்கும்போதெல்லாம், "இந்தத் தயிரு ஆருக்க? நான் எடுக்கலாமா?" அண்ணன் செல்வதாஸ், முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி எஞ்சின் பக்கத்துக் காதை இழந்தவர், ஒரு துண்டு பிளாஸ்டரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து, "புஷ்பம், எம் பேரையும் எழுதிரு, ஆராவது எடுத்துத் தின்னுறப்போறாவ," என்றார். புஷ்பம் சிரித்தாள். மைனி சிரிக்கவில்லை. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது? மைனி, உன்னிடமிருந்து காப்பாற்ற ஒட்டவில்லை, ஒட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது என்றா?

தெரியாதுதான். ஒட்டாமல் இருந்தால் பயம். எதற்குப் பயம் என்று தோண்டினால் ஷைலஜாவின் பால்தான் வருகிறது. வேண்டாம், மீனைக் கழுவு. கல்லுப்புப் போட்டுச் சட்டியில் உரசி, தண்ணீர் மாற்றி, மறுபடியும் உரசி. தண்ணீர் சிவப்பிலிருந்து வெளுத்தது. ஷைலஜா வந்தேவிட்டாள். பத்தனம்திட்டைக்காரி, பக்கத்துக் கட்டில், எட்டு வருஷம் ஒன்றாகத் தூங்கி எழுந்தவள். ஒரு வியாழக்கிழமை டியூட்டிக்கு வரவில்லை. எழுப்பப் போன பெண் அறைக்குள் பார்த்துவிட்டு வராந்தாவிலேயே நின்றுவிட்டாள். தூக்கத்தில் நின்றுபோன இதயம். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. உடல் ஊருக்குப் போக ஒன்பது நாள், அதற்குள் அவள் கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாயிற்று, அலமாரி காலியாயிற்று, பெயர்ப்பலகையில் ஒரு வரி அழிந்தது. ஃபிரிஜ்ஜின் கதவில் மட்டும் அரை லிட்டர் பால், அதில் பிளாஸ்டர், ஷைலஜா, தேதி. யாரும் தொடவில்லை. பெயர் எழுதியிருக்கிறதே. ஐந்து பெண்களும் தினமும் கதவைத் திறந்தார்கள், பாலைத் தாண்டித் தங்கள் தங்கள் பாலை எடுத்தார்கள், மூடினார்கள். அது கெட்டு, உப்பி, மூலைகள் புடைத்து நின்றது. பன்னிரண்டாம் நாள் புஷ்பம்தான் எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள், கட்டி கட்டியாக. பிளாஸ்டரை உரித்தபோது அது விரலில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் போகவில்லை. அன்றைக்கு ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை, அதற்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று, ஆனால் அன்றைக்கே எழுதிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். என் பாலைக் கேட்காமல் எடுத்துக் காப்பி போடுகிற வீட்டில்தான் நான் சாவேன் என்று எழுதினாள், மனசுக்குள். அப்படி நினைத்து வந்தவள்தான் மூன்றாவது வாரம் கறிக்கிண்ணத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். இந்த இடத்தில் யோசனை ஒவ்வொரு முறையும் இடறும். இன்றைக்கு இடறி விழவில்லை, கையில் மீன் இருந்தது. இடறிய காலோடு இன்னொன்று தட்டுப்பட்டது. அந்தப் பூத்தட்டும்தான் என்ன? அதுவும் பெயர் ஒட்டியதுதானே. எழுத்து இல்லை, அவ்வளவுதான். அவர்களும் தெரியாமல்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

சட்டி அடுப்பில் ஏறியது. கறிக்கும் வறுவலுக்குமாக மீனை இரண்டாகப் பிரித்தாள். தேங்காய் துருவினாள், சின்ன உள்ளி உரித்தாள், மல்லிப்பொடி டப்பாவைத் தேடி நாலு டப்பாவைத் திறந்தாள். மிக்ஸி அலறியதும் முன்னாலிருந்து அண்ணன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு காது கேட்காதவருக்கும் இந்தச் சத்தம் இந்த நேரத்தில் வராது என்று தெரியும். "என்ன பிள்ளே இது? ஞானம் வந்தா ஏசுவாளே." ஏசட்டும் அண்ணே. "ஏசுனா எனக்குத்தான் கேக்காது, ஒனக்குக் கேக்கும்," என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்று, முருங்கைக்காயை எடுத்து விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தார். எல்லாம் சரி, புளியில் வந்து நின்றது. எவ்வளவு? அங்கே ஒற்றை அடுப்பில், ஒரு கையகலச் சட்டியில் தனக்கு மட்டும் வைத்தபோது ஒரு சின்ன நெல்லிக்காயளவு. மூன்று பேருக்கு என்றால் மூன்று நெல்லிக்காய். மருந்து அப்படித்தான், ஆளுக்கு ஏற்ற அளவு, கணக்கில் பிழை கூடாது. கரைத்து ஊற்றிய பிறகு கொதி வந்து வாசனை எழுந்தபோதுதான் மூக்கு சந்தேகப்பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. நாக்கு எத்தனையோ வருஷமாக ஆஸ்பத்திரிக் கேன்டீன் சொன்னதைக் கேட்ட நாக்கு. பரவாயில்லை என்று சொன்னது, அது எதற்கும் அப்படித்தான் சொல்லும். மணி பதினொன்றே முக்கால். அங்கே பத்தே... வேண்டாம். சுஆத்தின் தாய் இந்நேரம் குளித்து, ஊது வாசனைப் புகை காட்டிய மெத்தையில் சாய்ந்து, கால் புண்ணுக்கு மருந்து மாற்ற லில்லிதான் வேண்டும் என்று வேறு நர்சின் கையைத் தட்டிவிட்டிருப்பாள். பாவம். அந்தக் கிழவிக்கு அவள் தேவைப்பட்டாள், அது பொய்யில்லை. தேவைப்படுவது எத்தனை இனிப்பு, ஊதுபத்தி மாதிரி உடம்பெல்லாம் ஏறிக்கொள்கிறது. இங்கே யாருக்கும் தேவையில்லை, சோபாவில் பூ மாதிரி வைத்திருக்கிறார்கள். அதற்காகப் போவதா? இன்னொரு இரண்டு வருஷம், இன்னொரு ஃபிரிஜ், இன்னொரு பிளாஸ்டர் சுருள். மாட்டேன். மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் உப்பும் குழைத்து வறுவல் மீனில் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மாட்டேன், மாட்டேன், ஒரு மீனுக்கு ஒரு மாட்டேன்.

கேட்டின் கொண்டி மறுபடியும் விழுந்தது. பன்னிரண்டுகூட ஆகவில்லை. டீ போடுகிற பெண் வராததால் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், அதை அண்ணனிடம் சொல்லிக்கொண்டே மைனி புழக்கடை வழியாக வந்தாள். கிணற்றடியில் நின்றுவிட்டாள்.

"ஏ பிள்ளே! இந்தத் தட்டுலயா மீன் தலையப் போட்டு வச்சிருக்க?"

"ஆமா மைனி."

"பூனை வந்து தட்டி ஒடச்சா?"

"ஒடச்சா ஒடைக்கட்டு."

மைனி குடையை மடக்கினாள், மடக்கியதை மறுபடியும் விரித்து மடக்கினாள். கருங்கல் படியைத் தாண்டி உள்ளே வந்தாள். திறந்து கிடந்த நாலு டப்பாக்கள், மேடையில் சிந்திய தேங்காய், கொதிக்கும் சட்டி. ஒவ்வொன்றையும் அவள் கண் தொட்டு நகர்ந்தது. புஷ்பம் ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அப்போது ஜன்னல் கட்டையில் இருந்த ஃபோன் அடித்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மிளகாய் மசாலா. கழுவ ஓடினால் நின்றுவிடும். நின்றால் மறுபடி அடிக்கும்வரை தீர்மானம் தாங்குமா? "மைனி, எடுத்து எங்காதுல வையி." மைனி எடுத்தாள், பக்கத்தில் வந்து நின்று காதோடு வைத்துப் பிடித்தாள். அவள் கையில் சர்ச்சுக்குப் போட்ட பவுடர் வாசனை. சுஆத்தின் குரல் அரபியில் வேகமாக வந்தது, நலம் விசாரித்தது, தாய் அழுகிறாள் என்றது, டிக்கெட் எடுக்கவா என்றது. புஷ்பமும் அரபியில் பேசினாள், மெதுவாக, நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில். ஒரு வார்த்தையும் விளங்காத மைனி அவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். முடிந்தது. அந்தப் பக்கம் அழுதபடியே வாழ்த்திவிட்டு வைத்தார்கள். மைனி ஃபோனை இறக்கவில்லை.

"என்னவாம்?"

"வரச் சொல்லுதாவ. ரெண்டு வருஷத்துக்கு."

"நீ என்ன சொன்ன?"

"வரமாட்டேன்னு சொன்னேன். வீட்ல இருக்கப்போறேன்னு சொன்னேன்."

சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மைனி ஃபோனை முந்தானையால் துடைத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள், "பதிமூணு தடவ வந்திருக்க. ஒவ்வொரு தடவையும் பழகுவேன். ராத்திரி ஒரு வயிறு கூட ஒலை வைப்பேன். நீ போன பொறவு ஒரு மாசம் கை தெரியாம அரிசியக் கூடப் போட்டுட்டே இருக்கும். பொறவுதான் நெனச்சேன், இவள அடுக்களைக்குள்ள விடக்கூடாதுன்னு." அவ்வளவுதான் சொன்னாள். புஷ்பத்துக்குக் கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் மிளகாய். "மைனி, அந்தக் கிண்ணத்துல..." என்று தொடங்கினாள். "ஆங், கிடக்கட்டு," என்றாள் மைனி. கரண்டியை எடுத்துச் சட்டியில் விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கினாள். முகம் சுருங்கியது. இன்னொரு சொட்டு ஊற்றிப் பார்த்தாள்.

"புளி கூடிப்போச்சு."

"மூணு பேருக்குள்ளதுதான் போட்டேன்."

"மூணு பேருக்குன்னு மூணு பங்கு போடுவாவளாட்டி?" அதட்டலாகத்தான் வந்தது. நீ இரி பிள்ளே என்ற பிரியமான குரல் அதில் இல்லை. ஊர் திரும்பிய பிறகு இந்த வீட்டில் யாரும் அவளை இப்படி அதட்டியதில்லை. மைனி தேங்காய்ப்பால் பிழிய ஒரு பாத்திரத்துக்காக அலமாரியைத் திறந்தாள், திறந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்கி நான் சரியாக்கித் தாறேன். நாளைக்கி கொறச்சிப் போடு."